வளைவு தெரிவதற்குள் வந்துவிடுகிறது: ‘தி லாஸ்ட் வி8’ பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 1980களின் பிற்பகுதியில் லண்டனில் உங்கள் அண்ணன் தெருமுனைப் பத்திரிகைக் கடையில் 2.99 பவுண்டு கொடுத்து ‘தி லாஸ்ட் வி8’ என்ற கார் ஆட்டத்தின் கேசட்டை வாங்கி வந்தார். வீட்டிலிருந்த கமோடோர் 64 கணினியில் இருவரும் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆடியும் முதல் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. இப்போது மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வைத்து மறுபடி ஆடுகிறீர்கள், சிறுவயதில் ஆடியதைவிட மோசமாகவே ஆடுகிறீர்கள். ஆட்டம் மோசமா, நான் மோசமா, இன்னொரு முறை முயல்வது வீண்தானா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: முப்பது வருடமாக நிஜக் காரை விபத்தில்லாமல் ஓட்டுகிற ஒருவர் இந்தக் காரை ஏன் பத்து வினாடிகூட சாலையில் வைத்திருக்க முடியவில்லை? அதற்குத் திட்டவட்டமான பதில் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிழைப்புக்குச் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவன். சில கிலோபைட் நினைவகத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய தொழில். அந்தப் பழக்கத்தில் கமோடோர் 64-இன் அசெம்பிளி மொழியையும் கற்றுக்கொண்டேன். வார இறுதிகளில் பழைய கமோடோர்களைப் பழுது பார்க்கிறேன். இந்த ஆட்டத்தின் குறியீட்டைப் பிரித்துப் படித்தவன் அல்லன். ஆகவே இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது உறுதியாகச் சொல்வேன். இந்த ஆட்டம் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதை ஊகமாக மட்டுமே சொல்வேன்.

ஆட்டம் 1985-இல் வந்தது. வெளியிட்டது மாஸ்டர்ட்ரானிக். முழுவிலைக் கேசட்டுகள் எட்டு, பத்து பவுண்டு விற்ற காலத்தில் 1.99 பவுண்டுக்கு ஆட்டங்களைப் பத்திரிகைக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் வைத்து விற்ற நிறுவனம் அது. ‘மேட்’ என்ற பெயரில் ஒரு பவுண்டு கூடுதலாக வைத்து இன்னொரு வரிசை விட்டார்கள், உங்கள் கேசட் அந்த வரிசை. எழுதியவர் டேவிட் டார்லிங், அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர். இசை ராப் ஹப்பர்ட். அணு ஆயுதப் போருக்குப் பிறகான உலகம், எஞ்சிய ஒரே வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கார், நேரம் தீர்வதற்குள் நிலத்தடித் தளத்துக்குத் திரும்ப வேண்டும். முதலில் நாட்டுப்புறச் சாலை, அதைத் தாண்டினால் நகரம். கட்டங்கள் இவ்வளவுதான். சாலையை விட்டு விலகினால் கார் தீர்ந்தது.

இப்போது அந்தத் திரையை மனதில் கொண்டுவாருங்கள். கீழ்ப்பாதியை காரின் முகப்புப் பலகை அடைத்துக்கொள்கிறது. வட்ட மீட்டர்களும் விளக்குகளுமாக அழகாகத்தான் இருக்கும். மேலே மிச்சமிருக்கும் குறுகிய பட்டையில், பருந்துப் பார்வையில், சாலை நகர்கிறது. கார் அந்தப் பட்டையின் நடுவில் நிற்கிறது. உங்கள் துயரம் முழுவதும் அந்தப் பட்டையின் உயரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்களை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்கிறேன், அளவு ஏறக்குறைய இதுதான். பட்டையின் உயரம் 80 பிக்சல் என்று வையுங்கள். கார் நடுவில் இருப்பதால் முன்னால் தெரியும் சாலை 40 பிக்சல். பிரிட்டிஷ் டிவி வினாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தது. கார் வேகமெடுத்து ஒவ்வொரு படத்துக்கும் 4 பிக்சல் நகர்ந்தால், திரையின் விளிம்பில் தெரிந்த வளைவு 10 படங்களில் உங்கள் மூக்குக்கு வந்துவிடும். 10 படம் என்றால் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 வினாடி. கண்ணால் பார்த்ததற்குக் கை அசைய ஆரோக்கியமான மனிதனுக்கு ஆகும் நேரமே 0.2 முதல் 0.25 வினாடி. நீங்கள் வளைவைப் பார்த்து, மூளை அதைப் புரிந்து, கட்டைவிரலுக்கு உத்தரவு போய்ச் சேரும்போது கார் ஏற்கெனவே புல்வெளியில் இருக்கிறது. திறமை இங்கே எதுவும் செய்வதற்கில்லை. பதினைந்து வயதிலும் இதே கணக்குதான், ஐம்பது வயதிலும் இதே கணக்குதான்.

நிஜச் சாலையில் நீங்கள் வேகமாகப் போகப் போகத் தொலைவாகப் பார்க்கிறீர்கள். நெடுஞ்சாலையில் நம் பார்வை காரின் மூக்கில் இருப்பதில்லை, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அந்தத் தொலைவுப் பார்வையால்தான் வேகம் நமக்குப் பயமில்லாமல் இருக்கிறது. இந்த ஆட்டம் வேகத்தைக் கொடுத்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொள்கிறது. அடர்ந்த பனிமூட்டத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி ஓட்டுவது போன்றது அது. ஓட்டத் தெரிந்தவருக்கு இது இன்னும் கொடுமை, ஏனென்றால் அவர் கண் பழக்கத்தால் தொலைவைத் தேடுகிறது, அங்கே தேடுவதற்குச் சாலையே இல்லை.

பட்டை ஏன் அவ்வளவு குறுகல்? இங்கேதான் என் தொழில் உதவுகிறது. கமோடோர் 64-இன் திரை 40 பத்தியும் 25 வரியுமாக, 1000 எழுத்துக் கட்டங்களால் ஆனது. மரம், சாலை, புல் எல்லாமே சிறு எழுத்துக் கட்டங்களில் வரைந்தவை. திரையை 8 பிக்சலுக்குள் மெல்ல நகர்த்த விக்-2 என்ற படச் சிப்பே உதவும். 8 பிக்சலைத் தாண்டும்போது எல்லாக் கட்டங்களையும் பிராசஸர் ஒரு கட்டம் தள்ளி எழுத வேண்டும். ஒரு கட்டத்தை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கக் குறைந்தது 8 கடிகாரத் துடிப்பு ஆகும். 1000 கட்டத்துக்கு 8000. ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் தனி நினைவகத்தில் இருப்பதால் அதற்கு இன்னொரு 8000. பிராசஸரின் வேகம் ஒரு மெகாஹெர்ட்சுக்கு, அதாவது வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்புக்கு, சற்றுக் குறைவு. ஒரு படத்துக்குக் கிடைப்பது மொத்தம் 19,656 துடிப்பு. அதில் படச் சிப்பும் தன் பங்குக்கு ஆயிரம் துடிப்பை எடுத்துக்கொள்ளும். ஆக, முழுத் திரையையும் நகர்த்தினால் இசைக்கும் காரை ஓட்டுவதற்கும் மோதலைச் சரிபார்ப்பதற்கும் மிஞ்சுவது சொற்பம். இதையே 10 வரிப் பட்டையாகக் குறைத்தால் நிறத்தையும் சேர்த்து 6400 துடிப்பில் வேலை முடிந்துவிடும். படத்துக்கு 4 பிக்சல் ஓடும் கார் இரண்டு படத்துக்கு ஒரு முறை இந்த வேலையைக் கேட்கும். திரையின் கீழ்ப்பாதியில் அசையாத முகப்புப் பலகையை வைத்தால் பிராசஸருக்கு எவ்வளவு நிம்மதி என்று பாருங்கள்.

இது இயந்திரத்தின் தரப்பு, இது உறுதி. ஆனால் இதனால்தான் டார்லிங் பட்டையைக் குறுக்கினார் என்று நான் சாதிக்க மாட்டேன். அழகான முகப்புப் பலகையை முதலில் வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் சாலையை அடைத்திருக்கவும் கூடும். மேலும் இயந்திரம் அப்படி வற்புறுத்தவில்லை. மறுவருடமே, 1986-இல், ஆண்ட்ரூ பிரேபுரூக் ‘யூரிடியம்’ ஆட்டத்தில் இதே இயந்திரத்தில் திரையை அசுர வேகத்தில் ஓடவிட்டார். அவர் இடவலமாக மட்டும் நகர்த்தினார் என்பது அவருக்குச் சாதகம். வி8 எட்டுத் திசையிலும் நகர வேண்டியிருந்தது. சாலையை மேலிருந்து காட்டுவது என்று முடிவு செய்த பிறகும் ஒரு வழி திறந்திருந்தது. ‘ஸ்பை ஹன்டர்’ போன்ற ஆட்டங்களில் கார் எப்போதும் மேல்நோக்கியே போகும், ஆகவே அதைத் திரையின் கீழே வைத்துவிட்டு முன்னால் நீளச் சாலையைக் காட்ட முடிந்தது. வி8-இல் சாலை எல்லாப் பக்கமும் திரும்புவதால் கார் நடுவில் நிற்கிறது. கார் போகும் திசைக்கு ஏற்பக் காட்சியைச் சற்று முன்னால் தள்ளியிருந்தாலே உங்கள் கோடை விடுமுறை வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டாவது துயரம் மோதல். ஒரு பிக்சல் உரசினாலும் கார் வெடிக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். கமோடோர் 64-இல் நகரும் உருவங்களை ஸ்பிரைட் என்பார்கள். 24-க்கு 21 பிக்சல், ஒரே நேரத்தில் எட்டு. ஒரு ஸ்பிரைட்டின் ஏதாவது ஒரு புள்ளி பின்னணியில் வரைந்த ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டால் விக்-2 தானாகவே ஒரு பிட்டை (0 அல்லது 1 மட்டுமே இருக்கக்கூடிய நினைவகக் குறியை) ஒன்றாக்கிவிடும். புரோகிராமர் அந்த ஒரு பிட்டைப் படித்தால் போதும், மோதலா இல்லையா என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைத்த வசதி, ஆனால் அதற்கு இரக்கம் கிடையாது. எந்த அளவுக்குத் தொட்டது, மெல்ல உரசியதா நேராக இடித்ததா என்று அது சொல்லாது. மலிவுவிலை ஆட்டங்கள் பல இந்த பிட்டை நம்பியே ஓடின. வி8-உம் அப்படித்தான் என்பது என் ஊகம். ஆடும்போது கை உணர்வது அப்படித்தான் இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐந்து சுவிட்சுகள் இருக்கும்: நான்கு திசைக்கு நான்கு, சுடுவதற்கு ஒன்று. கொஞ்சம் திருப்பு, நிறையத் திருப்பு என்ற வேறுபாடே அதற்குத் தெரியாது. சுவிட்ச் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை விரலால் தொட்டு ஒரு டிகிரி திருத்துகிற கைக்கு இது அந்நியம். உதிரிப் பாகத்துக்காக நான் வைத்திருக்கும் ஜாய்ஸ்டிக்குகளில் பாதியில் இடது சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்து வளைந்திருக்கிறது. தகட்டின் நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு, அதைச் சுற்றிக் கருப்பு. எந்த ஆட்டம் ஆடினார்களோ தெரியாது. ஆனால் அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வளைவில் நூறாவது முறையாகத் திரும்பியது எனக்குத் தெரிகிறது.

இனி, இப்போது ஏன் இன்னும் மோசமாக ஆடுகிறீர்கள் என்பது. இதற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். முதலில் எமுலேட்டரின் அமைப்பைப் பாருங்கள். வைஸ் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். அதில் கணினியின் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பிஏஎல், என்டிஎஸ்சி என்று இரண்டு டிவி முறைகள் இருக்கும். பிரிட்டன் பிஏஎல், வினாடிக்கு 50 படம். அமெரிக்கா என்டிஎஸ்சி, 60 படம். இந்தக் கால ஆட்டங்கள் பெரும்பாலும் படத்துக்கு ஒரு அடி என்று கணக்கிட்டு ஓடியவை, ஆகவே என்டிஎஸ்சியில் வைத்தால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு வேகமாகிவிடும். 0.2 வினாடி அவகாசம் 0.17-ஆகக் குறைந்தால் யாராலும் ஓட்ட முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி காது. தலைப்புத் திரையின் இசை நினைவிலிருப்பதைவிட அவசரமாக ஒலித்தால் அமைப்பு தவறு.

அடுத்தது தாமதம். அந்தக் கால டிவியில் சிப் அனுப்பிய கோடு அதே நொடியில் திரையில் எரிந்தது. இன்று ஜாய்ஸ்டிக் யூஎஸ்பி வழியாக வருகிறது, இயங்குதளம் அதை வாங்கி எமுலேட்டருக்குக் கொடுக்கிறது, எமுலேட்டர் ஒரு படத்தை உருவாக்கி வரிசையில் வைக்கிறது, தட்டைத் திரை அதை மெருகேற்றிக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு படம் விழுங்கினால் மொத்தம் மூன்று, நான்கு படம் போய்விடும். உங்களிடம் இருந்ததே பத்துப் படம்தான். மற்ற ஆட்டங்களில் இந்த இழப்பு தெரியாது, இதில் உயிரை எடுக்கும். டிவியில் இணைத்து ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். புளூடூத் வேண்டாம், கம்பியில் இணையுங்கள்.

வேண்டுமென்றே கடினமாக்கினார்களா என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன், இதற்குச் சான்று காட்ட என்னால் இயலாது. கட்டங்கள் இரண்டே இரண்டு என்னும்போது, சாலை எளிதாக இருந்தால் பிள்ளைகள் ஒரு மாலையில் முடித்துவிட்டு ஏமாந்திருப்பார்கள். கடினம் ஆட்டத்தை நீட்டித்தது. ஆனால் அதைவிட வலுவான காரணமாக எனக்குத் தோன்றுவது இது: ஆட்டத்தை எழுதியவர் அந்தச் சாலையைத் தன் கையால் வரைந்தவர், மாதக்கணக்கில் அதில் ஓட்டிச் சோதித்தவர். ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். அவர் பார்த்து ஓட்டவில்லை, நினைவிலிருந்து ஓட்டினார். அவருக்கு அந்தக் குறுகிய பட்டை போதுமானதாகத்தான் இருந்திருக்கும். நானும் என் வேலையில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நானே செய்த பொத்தான் பலகை எனக்கு வெகு எளிது. வேறொருவர் கையில் கொடுத்த அன்றுதான் அது எவ்வளவு கொடியது என்று தெரிந்தது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அது இந்தக் கேசட்டில் குறையே இல்லாத பகுதி. கமோடோர் 64-இன் ஒலிச் சிப்பான சிட், பாப் யானஸ் வடிவமைத்தது. மூன்றே குரல். ஒரே நேரத்தில் மூன்று சுரத்துக்கு மேல் ஒலிக்காது. ஹப்பர்ட் அந்த மூன்றையும் ஓய்வில்லாமல் வேலை வாங்கினார். ஒரு குரலின் ஒலி அலையை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு இரைச்சலாக மாற்றிவிட்டுத் திரும்பப் பழைய அலைக்குக் கொண்டுவருவார். காதுக்கு அது முரசடியாகக் கேட்கும், அடுத்த கணமே அதே குரல் அடித்தளச் சுரத்தை வாசித்துக்கொண்டிருக்கும். மூன்று பேர் ஐந்து பேரின் வேலையைச் செய்வது போல. அதே 1985-இல் ‘மான்டி ஆன் தி ரன்’, ‘கமாண்டோ’ ஆகிய முழுவிலை ஆட்டங்களுக்கும் அவர் இசையமைத்தார். உங்கள் 2.99 பவுண்டுக் கேசட்டில் அதே கை இருந்தது. தோற்ற எரிச்சலோடும் அந்தக் கேசட்டை நீங்கள் மறுபடி மறுபடி ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே, முயல்வது வீண் இல்லை, ஆனால் முயலும் விதத்தை மாற்ற வேண்டும். இதைக் கார் ஆட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளம் மனப்பாடம் செய்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் பென்சிலால் சாலையை வரையுங்கள். முதல் நாள் தளத்துக்குத் திரும்பும் எண்ணமே வேண்டாம், நேரம் தீர்ந்தால் தீரட்டும். ஊர்ந்து போய் எந்தத் திருப்பத்துக்குப் பின் எந்தத் திருப்பம் என்று மட்டும் குறியுங்கள். வைஸில் ஆட்டத்தின் அந்தக் கணத்தைச் சேமித்துவைக்கும் வசதி உண்டு. கடினமான வளைவுக்குச் சற்று முன்னால் சேமித்து, அதே வளைவை இருபது முறை ஓட்டுங்கள். இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. வீணை கற்பவர் தடுக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போன்றதுதான். சேமிக்காமல் முழுக்க ஓட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டேவிட் டார்லிங் 1986-இல் தம்பி ரிச்சர்டோடு சேர்ந்து கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் வெளியிட்ட ‘கிராண்ட் பிரீ சிமுலேட்டர்’ ஆட்டத்தில் பந்தயப் பாதை முழுவதும் ஒரே திரையில் அடங்கியிருந்தது, எந்த வளைவும் மறைந்திருக்கவில்லை. பிறகு 1998-இல் அதே நிறுவனம் ‘காலின் மெக்ரே ராலி’ கொண்டுவந்தது. அதில் சாலை மலையிலும் காட்டிலும் மறைந்து மறைந்து போகும், ஆனால் பக்கத்து இருக்கையில் நிக்கி கிறிஸ்ட் என்ற நிஜ ராலி வழிகாட்டியின் குரல் அடுத்த வளைவை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். வி8-இலும் ஒரு குரல் உண்டு, உடனே தளத்துக்குத் திரும்பு என்று உத்தரவிடும். வலமா இடமா என்று அது சொல்லாது.

அந்தக் கேசட் இன்னும் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது மடிக்கணினியையும் அந்தக் கட்ட நோட்டையும் எடுத்துப் போங்கள். சாலையை வரைந்தவர் நீங்கள் என்பதால் ஜாய்ஸ்டிக்கை அவரிடம் கொடுத்துவிட்டு நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு திரையில் தெரிவதற்கு ஒரு வினாடி முன்னால் “வலம்”, “உடனே இடம்” என்று உரக்கப் படியுங்கள்.